உண்டானது என்றொரு கட்டம்

‘கரைப்பான்’ என்று ஒரே ஒரு சொல்லை எழுதியிருந்தால் போதும். இன்றைக்கு அவர் டாக்டர் பட்டம் வாங்கி, ஏதாவது ஒரு நல்ல கல்லூரியில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பார். அந்த யோசனையை அவருக்குச் சொன்னவனே நான்தான். சொன்னதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் மெத்தனால் என்ற சொல் வந்து உட்கார்ந்துவிட்டால், அப்புறம் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. சாராயம் குடித்து இங்கே கொத்துக் கொத்தாக ஜனங்கள் செத்ததிலிருந்து அப்படித்தான். அவர் எங்கள் கல்லூரியில் வேதியியல் கௌரவ விரிவுரையாளர். நான் அதே துறையில் ஆய்வக உதவியாளர், முப்பத்தோரு வருட சர்வீஸ். கௌரவ விரிவுரையாளர் என்றால் கௌரவம் பெயரில் மட்டும்தான். வருடா வருடம் ஏப்ரல் மாதம் வந்தால், அடுத்த வருடம் நான் உண்டா என்று முதல்வர் அறை வாசலில் போய் நிற்க வேண்டும்.

வந்த முதல் நாளே என்னோடு சண்டை. லேபிள் அரித்துப்போன பழுப்புப் பாட்டில் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துவந்து என் மேஜைமேல் வைத்தார்.

“இது இன்னா அண்ணா?”

“நைட்ரிக் மேடம்.”

“எதுல எழுதியிருக்கு?”

“எழுதணுமா மேடம்? இருவது வருஷமா அங்கதான் இருக்குது. எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரியும். நாளைக்கி நீங்க லீவு. பெருக்கற அக்கா தொடச்சி வெக்கறேன்னு எடுத்தா, அவங்களுக்கு யாரு சொல்லுவாங்க?”

கேள்வி நியாயமானது. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. ஒரே வாரத்தில் ஆய்வகத்தில் இருந்த அத்தனை பாட்டிலுக்கும் தமிழில் லேபிள் ஒட்டிவிட்டார். பெயர் மட்டும் எழுதினால் அவருக்குப் போதாது, அது என்ன செய்யும் என்றும் எழுத வேண்டும். ‘நைட்ரிக் அமிலம். தோலை மஞ்சளாக்கிப் பொசுக்கும்.’ ‘அம்மோனியா. கண்ணைத் திறக்க விடாது.’ வாசல் குழாயைக்கூட விடவில்லை. ‘போர் தண்ணீர். குடிப்பதற்கு அல்ல.’ என் சாப்பாட்டு டப்பாவை நான் எடை மேஜைக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கம். அதன் மூடியிலும் ஒரு நாள் ஒட்டியிருந்தது: ‘உணவு. இங்கே இருக்கக் கூடாது.’ மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாளிலிருந்து டப்பாவை வராந்தாவில் வைத்தேன்.

அவருக்குக் கோபம் வராத நாளே கிடையாது. ஆனால் ஆள்மீது வராது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்ட இடத்தின்மீது வரும். மருந்துக் கடையில் மாத்திரை அட்டையைப் பாதியாக வெட்டி, தேதி இருக்கிற பாதியை அவர்களே வைத்துக்கொண்டு மறு பாதியைக் கொடுத்தால் அங்கேயே நின்று சத்தம் போடுவார். பஸ்ஸில் ஊர்ப் பலகை மாற்றாமல் ஓட்டினால் கண்டக்டருக்குப் பாட்டு விழும். “இந்தம்மாவுக்கு இன்னாதான் பிரச்சன?” என்று பக்கத்தில் இருப்பவர்கள் என்னைக் கேட்பார்கள். எனக்கே தெரியாது. அவர் வீட்டுக்குப் போன அன்றுதான் தெரிந்தது.

ஒருமுறை அவருக்குக் காய்ச்சல். உள்மதிப்பீட்டு மதிப்பெண் பட்டியலில் அவசரமாகக் கையெழுத்து வேண்டும் என்று முதல்வர் என்னை அனுப்பினார். சங்கராபுரத்தைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். ஓட்டு வீடு. கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் அவருடைய அண்ணன் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுதான் இருக்கும், பார்த்தால் அறுபது. எனக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்தவர் நாலடி நடந்து, சுவரைப் பிடித்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு அப்புறம் போனார். மேடம் உள்ளே பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சலிலும் ஒவ்வொரு பெயராகத்தான் பார்ப்பார். அதுவரை அண்ணன் என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

“கடலோரமா கம்பெனி சார். சோபாவுக்குப் போடற ஸ்பாஞ்சிக்கு மருந்து செய்யறது. எங்க வேல பைப்புல துரு சுரண்டி பெயிண்ட் அடிக்கறது. காண்ட்ராக்ட்டு. பைப்புங்க மட்டும் நூறு ஓடும். மஞ்சளு, பச்ச, நீலம். எது உள்ள இன்னா ஓடுதுன்னு ஒண்ணுத்துலயும் பேரு கெடயாது.”

“கேக்கலியா?”

“யாரக் கேக்கறது? மேஸ்திரிக்கே தெரியாது. ஒரு நாளு மத்தியானம் சார், வைக்கோல் வாசன. புது வைக்கோலு. அறுப்பு முடிஞ்சி போர் போடறப்ப வருமே, அதே வாசன. சுத்தி சிமிட்டியும் இரும்புமா இருக்குது, இங்க ஏது வைக்கோலுன்னு பாத்தேன். ஊரு ஞாபகம் வந்திடுச்சி. நல்லா இழுத்து இழுத்து மோந்துகினே நின்னேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று.

அது பாஸ்ஜீன் என்கிற வாயு. புது வைக்கோல் மாதிரிதான் மணக்குமாம். மூக்குக்குத் தெரிகிறது என்றாலே அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். உடனே ஒன்றும் செய்யாது. அவர் சாப்பிட்டார், பஸ் ஏறி அறைக்கு வந்தார், துணி துவைத்துப் போட்டார். மறுநாள் காலையில் நுரையீரலில் நீர் கட்டி வாயில் நுரை. பிழைத்ததே பெரிது என்றார்கள். நஷ்டஈடு கேட்டுப் போனபோது கம்பெனியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? எச்சரிக்கையை அவர் மதிக்கவில்லையாம். வாசலில் பலகை வைத்திருக்கிறார்களாம். புதிதாக அறுத்த வைக்கோல் வாசனை வந்தால் உடனே வெளியேறவும் என்று அதில் எழுதியிருக்கிறதாம். இங்கிலீஷில்!

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊரில் அறுப்பு அறுத்துப் போர் போட்டு வளர்ந்தவனை வேலைக்கு வைக்கிறான். அவனுக்கு வைக்கோல் வாசனை என்றால் வீட்டு வாசனை. பட்டணத்துக்காரன் என்றால் இதென்ன நாற்றம் என்று நகர்ந்திருப்பான். இவர் நின்று மோந்திருக்கிறார். அதைத் தமிழில் ஒரு வரி எழுதி வைக்கக் கம்பெனிக்காரனுக்குக் கை வரவில்லை. கேட்டால் பலகை இருக்கிறது என்கிறான்.

“உடுங்க சார்” என்றார் அண்ணன். “பாப்பா அதுக்குத்தான் இன்னாவோ செஞ்சிக்கினு இருக்குது. அந்த வாயு இல்லாமலே செய்யலாமாம்.”

செய்துகொண்டிருந்தார். பகுதிநேரமாகப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து, எங்கள் ஆய்வகத்தின் மூலையில், சனிக்கிழமைகளிலும் மாலை வகுப்பு முடிந்த பிறகும். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மெத்தை, சோபா, குளிர்பெட்டிக்குள் அடைக்கிற நுரை, சில பெயிண்டுகள், சில பூச்சிமருந்துகள் எல்லாவற்றுக்கும் ஐசோசயனேட் என்று ஒரு சரக்கு வேண்டும். அதை அமீன் என்ற வேதிப்பொருளோடு பாஸ்ஜீனைச் சேர்த்துத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். இவர் பாஸ்ஜீனைத் தொடவில்லை. அமீனோடு டைமெத்தில் கார்பனேட் என்கிற, அவ்வளவு முரட்டுத்தனம் இல்லாத ஒரு திரவத்தைச் சேர்த்து, வினையூக்கியாக வெளிர்மஞ்சள் தூள் கொஞ்சம் போட்டு, எஃகுக் குப்பியில் அடைத்துச் சூடாக்குவார். கார்பமேட் என்று ஒரு வெள்ளைப் பரல் கிடைக்கும். ஐசோசயனேட்டுக்கு ஒரு படி முந்தின பொருள். அதைப் பிறகு சூடாக்கினால் ஐசோசயனேட் வரும். அந்தக் கடைசிப் படியை மட்டும் எங்கள் கல்லூரியில் செய்ய மாட்டேன் என்றுவிட்டார். “ஆவிய வெளிய இழுக்கற நம்ம புகைக்கூண்டு மின்விசிறி ஓடி எவ்ளோ வருஷமாச்சி? அது வேணாம் இங்க” என்றார்.

எஃகுக் குப்பி கள்ளக்குறிச்சியிலேயே செய்தது. கரும்பாலைக்கு உதிரி பாகம் கடைகிற லேத் பட்டறையில் மூன்று முறை திருப்பிக் கொடுத்து, மரை சரியில்லை என்று சண்டை போட்டு வாங்கிவந்தார். ஓவனில் குப்பியை வைத்துவிட்டு, எதிரே ஸ்டூல் போட்டு விடைத்தாள் திருத்துவார். நடுநடுவே எழுந்து வெப்பமானியைப் பார்ப்பார். நன்றாக ஆறின பிறகுதான் திறப்பார். அவசரப்பட்டு நான் ஒருமுறை கைவைத்ததற்குக் கையில் அடித்தே விட்டார். முதல் வருடம் முழுக்க வெள்ளைப் பரலோடு வேண்டாத வேறொன்றும் கலந்து கலந்து வந்தது. தூளை மாற்றினார், சூட்டை மாற்றினார். இரண்டாம் வருடம் ஒரு சனிக்கிழமை சுத்தமாக வந்தது. தாளில் கொட்டி, ஜன்னலோரம் வைத்து, பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் நாலு போண்டா வாங்கிவந்தேன். வராந்தாவுக்குப் போய்த்தான் சாப்பிட்டோம்.

“மாஸ்க் குடு, சைரன் வை, பலகை வைன்னுதான் எல்லாரும் பேசறாங்க அண்ணா” என்றார் அன்று. “அந்த வாயுவையே எடுத்துட்டா எதுக்கு மாஸ்க்கு? யாருக்கு சைரன்?”

இதைச் சொன்ன மனுஷியைத்தான் விஷம் காய்ச்சினவள் என்றார்கள். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் கல்வராயன் மலைக்குப் போன கதை ஒன்று இருக்கிறது. வெள்ளிமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் செயல்முறை காட்ட எங்கள் துறையிலிருந்து போனோம். கச்சிராயபாளையம் தாண்டி வளைவு வளைவாக ஏறும் பஸ்ஸில் நான் வாந்தி எடுத்தேன், அவர் விடைத்தாள் திருத்தினார். நிகழ்ச்சி முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு காய்கறித் தோட்டம். ஒரு பெண்மணி பக்கெட்டில் பூச்சிமருந்துத் தூளைப் போட்டு முழங்கைவரை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். இவருக்குப் பொறுக்குமா?

“அக்கா, கையால கலக்காதீங்க.”

“குச்சி ஒடஞ்சி போச்சி கண்ணு. கழுவிக்கினா போயிடும்.”

“தல சுத்தலியா?”

“சுத்தும். மோர் குடிச்சா நிக்கும்.”

பாக்கெட்டை வாங்கிப் பார்த்தார். தமிழில் எழுதித்தான் இருந்தது. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. என் கண்ணாடியை வாங்கிப் போட்டும் அவரால் படிக்க முடியவில்லை. கம்பெனிப் பெயர் மட்டும் கட்டைவிரல் தடிமனுக்கு இருந்தது. அவர் முகம் சிவந்துபோனது. எங்கேயோ தேடி ஒரு குச்சியை எடுத்துவந்து பக்கெட்டில் போட்டார். பிறகு அந்தப் பெண்மணிக்குப் பொறுமையாகச் சொன்னார். இந்த வகை மருந்தைச் செய்ய ஒரு கெட்ட வாயு வேண்டியிருக்கிறது, அது இல்லாமல் செய்யத்தான் நான் வழி பார்க்கிறேன் என்று.

“அப்ப நீ செய்யற மருந்து கைல பட்டா ஒண்ணும் பண்ணாதா கண்ணு?”

“பண்ணும் அக்கா. பூச்சிய கொல்றது உங்களையும் கெடுக்கத்தான் செய்யும். அத்த செய்யற எடத்துல ஆளுங்க சாவாம இருப்பாங்க. அவ்ளோதான்.”

“அதுக்கா இவ்ளோ படிச்ச?” என்று அந்தப் பெண்மணி சிரித்தார்.

இறங்கும்போது நான் சும்மா இல்லாமல் வாயைக் கொடுத்தேன். “ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லியிருந்தா அவங்க சந்தோஷப்பட்டிருப்பாங்க மேடம். நாம இன்னா மறுபடி வரப்போறமா?” கச்சிராயபாளையம் வரும்வரை விடைத்தாளையே திருத்தினார். பஸ் நின்ற பிறகு சொன்னார்.

“என் வழியிலயும் கெட்டது ஒண்ணு வருதுண்ணா. ஒவ்வொரு தபாவும் பரலோட கூட மெத்தனாலும் உண்டாவுது. அதத் திருப்பி உபயோகப்படுத்தலாம், அது வேற விஷயம். ஆனா வருது. அத்த சொல்லாம வுட்டா, எங்கண்ணன் வேல செஞ்ச கம்பெனிக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்?”

அப்போது எனக்கு அது ஒரு பேச்சாகத்தான் தோன்றியது. சாராயச் சாவுகளுக்குப் பிறகு எல்லாம் மாறிப்போனது. எங்கள் கல்லூரிக்கும் மெத்தனாலுக்கென்று தனிப் பதிவேடு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. நான்கு கட்டங்கள்: தேதி, பெற்றது, செலவானது, இருப்பு. எங்களிடம் முன்பே இருந்த அரை லிட்டரை அதில் ஏற்றிப் பூட்டி வைத்தோம். இவர் ஒரு சொட்டு வாங்கியதும் இல்லை, அந்தப் பாட்டிலைத் திறந்ததும் இல்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை எஃகுக் குப்பியைத் திறந்து வேலை முடித்ததும் பதிவேட்டை எடுத்து, அளவுகோல் வைத்து, சிவப்புப் பேனாவால் ஐந்தாவதாக ஒரு கட்டம் கிழித்தார். மேலே ‘உண்டானது’ என்று எழுதினார். கீழே, மூன்று மில்லி.

எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். “மேடம், கள்ளக்குறிச்சி காலேஜுல மெத்தனால் உண்டாவுதுன்னு எழுதறீங்க. கழிவு பாட்டில்ல கரைப்பான்னு போட்டுடுங்க. யாரு கேக்கப்போறாங்க?”

அப்போதுதான் அந்தப் பார்வை. “உள்ள இருக்கறது இன்னான்னு தெரிஞ்சே பேர மாத்தி ஒட்டச் சொல்றீங்களாண்ணா?”

அவ்வளவுதான் கேட்டார். பிறகு அந்தச் சிறு பாட்டிலை எடுத்து, ‘மெத்தனால் கலந்தது. குடித்தால் கண் போகும், உயிர் போகும்’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டினார். முந்தைய நோட்டுகளிலிருந்தும் கணக்கெடுத்துப் பழையதையெல்லாம் அந்தக் கட்டத்தில் ஏற்றினார். இருபத்திரண்டு முறை. மொத்தம் அறுபத்தாறு மில்லி. ஒரு டீ கிளாஸ் நிறையாது.

மெத்தனால் கணக்கைச் சோதிக்க இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். பதிவேட்டைப் புரட்டியவர் சிவப்புக் கட்டத்தில் நின்றார். “உண்டானதுன்னா இன்னா?” மேடம் கரும்பலகையில் எழுதி இருபது நிமிடம் விளக்கினார். ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர், வயதானவர், கவனமாகக் கேட்டார். கடைசியில், “எழுதி வெச்சிருக்கீங்களே, அதுவே பெரிசும்மா. காலேஜுல இருந்து ஒரு விளக்கக் கடிதம் மட்டும் குடுத்துடச் சொல்லுங்க” என்றார். முடிந்தது விஷயம். முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் எங்கள் முதல்வருக்கு நடுக்கம் பிடித்துக்கொண்டது. “நம்ம காலேஜு பேரு டிவில ஓடுனா யாரு பதில் சொல்றது?” என்று துறைக்கு வந்து குதித்தார். “மெத்தனாலே வராத வேற ஆராய்ச்சி இல்லியா உங்களுக்கு?” மேடம், “இருக்கு சார். அதுல பாஸ்ஜீன் வரும்” என்றார். முதல்வருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. அவர் அறையில் புதிதாக வாங்கிப் போட்ட ஸ்பாஞ்சு சோபாவில் உட்கார்ந்துகொண்டுதான், அதிகாரி கேட்ட விளக்கத்துக்குப் பதிலாக, என் பெயரில் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னார்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் என்னைக் கூப்பிட்டார். “ஒரு கையெழுத்துப் போடுப்பா. ஃபார்மாலிட்டிதான்.” இங்கிலீஷில் ஒரு பக்கம். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். படிக்கவில்லை. படித்துவிட்டால் போட முடியாது என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது. ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருந்தது. போட்டேன்.

அன்று மாலையே ஆய்வகத்தைப் பூட்டினார்கள். ஓவனுக்குள் எஃகுக் குப்பி இருந்தது. முடிவு மறுபடியும் அதேபோல வருகிறதா என்று பார்க்கும் கடைசிச் சுற்று. அதை எடுத்துக்கொள்கிறேன் என்றார் மேடம். விடவில்லை. ஆய்வேடு கொடுக்கப் பல்கலைக்கழகத்தில் அவகாசம் கேட்கும் படிவத்தை முதல்வர் அனுப்ப மறுத்தார், காரணமாக என் கடிதத்தையே வைத்தார். ஏப்ரலில் வேலையும் இல்லை என்றாகிவிட்டது.

போவதற்கு முன் அந்தக் கடிதத்தின் நகலோடு என் மேஜைக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டவில்லை. “இதுல இன்னா எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியணும்ல” என்று, ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துக் காட்டினார். அனுமதியின்றி மெத்தனால் தயாரித்தார். பதிவேட்டில் காட்டவில்லை. மறைத்து வைத்திருந்ததை நான் நேரில் கண்டேன்.

“சரியாண்ணா?”

நான் மேஜை டிராயரைத் திறந்து எதையோ தேடினேன். பேப்பரை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறைத்து வைத்தாராம்! ஊர் முழுக்க மறைக்கிறவன் நிம்மதியாகத் திரிகிறான். சிவப்பு மசியில் கட்டம் போட்டு எழுதி வைத்த ஒரே ஆள் மறைத்து வைத்தாராம். அந்தக் கடலோரக் கம்பெனி இன்றைக்கும் ஓடுகிறது, அவர்களிடம் எல்லாப் பேப்பரும் சரியாக இருக்கிறதாம். எட்டு மாதம் கழித்துப் பூட்டைத் திறந்தபோது இவருடைய லேபிள்களையெல்லாம் என்னை விட்டே உரிக்கச் சொன்னார் முதல்வர். கொட்டை எழுத்துப் பாட்டிலைத் தொட்டியில் கொட்டினார்கள். எஃகுக் குப்பியைப் பழைய இரும்போடு போட்டார்கள். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். யார்மேல் கோபப்படுவது என்று பட்டியல் போட்டால் என் பெயரை முதல் மூன்றுக்குள் எழுத வேண்டும்.

போன மாதம் ஓய்வு பெற்றேன். இனி என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று ஆனபிறகு எனக்கும் முதுகு நிமிர்ந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய. இந்தப் புதன்கிழமை காலையில் உட்கார்ந்து கல்லூரிக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். முன்பு நான் கொடுத்த கடிதம் பொய், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று ஆரம்பித்து ஒரு பக்கம். பிற்பகல் மூன்றரைக்கு, அதைக் கொடுக்கும் முன் அவருக்குப் போன் செய்தேன். திருநாவலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறார் என்று கேள்விப்பட்டு, எண்ணை வாங்கி வைத்திருந்தேன்.

என் குரல் கேட்டதும் வகுப்பிலிருந்து வெளியே வந்தார். பிறகு, “சொல்லுங்கண்ணா” என்றார். அண்ணனைப் பற்றிக் கேட்டேன். இப்போது வீட்டுக்குள்ளேயே ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் குரல் மாறியது.

“நிஜமாவா? அந்தப் பேப்பர் இருந்தா பல்கலைக்கழகத்துல மறுபடி கேக்கலாம்ணா. மேல்முறையீட்டுக்கு வெள்ளிக்கிழம கடைசி நாளு. இனிமே ஆவாதுன்னு வுட்டுட்டு இருந்தேன். படிங்க, படிங்க.”

பெருமையாகப் படித்தேன். அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதிய வரி ஒன்று இருந்தது. அதைக் கொஞ்சம் அழுத்திப் படித்தேன்: “மேற்படி விரிவுரையாளர் எந்த நாளிலும் ஒரு சொட்டு மெத்தனால்கூட உண்டாக்கவில்லை என்று உறுதி கூறுகிறேன்.”

“நிறுத்துங்க” என்றார்.

நிறுத்தினேன்.

“யாரு உண்டாவலன்னு சொன்னது?”

“இல்ல மேடம், உங்களுக்கு எடஞ்சல் வரக்கூடாதுன்னுதான்…”

“அண்ணா, மெத்தனால் உண்டாவலன்னா அந்த வெள்ளப் பரலும் உண்டாவல. ஒண்ணு வந்தாத்தான் இன்னொண்ணு வரும். எவ்ளோ மெத்தனாலோ அவ்ளோ பரலு. அதாண்ணா சாட்சியே. அவங்க நான் ஒளிச்சேன்னாங்க. நீங்க நான் செய்யவே இல்லன்றீங்க. அவங்க என்னை வெளியதான் அனுப்புனாங்க. நீங்க மூணு வருஷ வேலைய ஒரே வரியில இல்லாம பண்ணிட்டீங்களே!”

பழைய கோபம். போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. எனக்கு ஏனோ கண்ணில் நீர் வந்துவிட்டது.

“பேனா இருக்கா? எழுதுங்க. உண்டானது. இருபத்திரண்டு முறை, மொத்தம் அறுபத்தாறு மில்லி. அத்தனையும் பதிவேட்டுல எழுதியிருந்தது. பாட்டில்ல பேரு இருந்தது. எழுதினீங்களா?”

“எழுதிட்டேன்.”

“படிச்சிக் காட்டுங்க.”

ஒரு எழுத்து விடாமல் படித்தேன். சரி என்றார். பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதில் கையெழுத்துப் போட்டேன். மணி நாலே கால். கல்லூரி அலுவலகத்தை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள்; அதற்குள் இதைக் கொடுத்து, மேடத்துக்கான நகலில் முத்திரை வாங்க வேண்டும். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஷேர் ஆட்டோவுக்கு ஓடினேன்.